தமிழ்நாட்டின் பிறந்த நாள் எது?

ஒரு மாநிலத்துக்கு இரண்டு பிறந்த நாள் இருக்க முடியுமா? தமிழ்நாட்டுக்கு இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று இந்தியாவில் மாநிலங்கள் மொழி அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டன. கேரளமும் கர்நாடகமும் அந்த நாளைத் தங்கள் மாநிலம் பிறந்த நாளாக ஆண்டுதோறும் கொண்டாடி வருகின்றன. சென்னை மாநிலத்தின் எல்லைகளும் அன்றுதான் மாறின. ஆனாலும் இங்கே அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவாக நிலைபெறவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அன்று குமரி மாவட்டமும் செங்கோட்டையும் தமிழகத்தோடு இணைந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள் உண்டு. ஆனால் தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. கிடைத்ததும் இழந்ததும் ஒரே நாளில் நடந்தன. போதாக்குறைக்கு மாநிலத்தின் பெயர் 'சென்னை' என்றே நீடித்தது.

அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார் சங்கரலிங்கனார். அக்டோபர் 13 அன்று உயிர் துறந்தார். புதிய எல்லைகள் நடைமுறைக்கு வர அப்போது மூன்று வாரம் கூட இல்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1967 ஜூலை 18 அன்று, முதலமைச்சர் அண்ணா கொண்டு வந்த பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா காலமானார்.

2019-இல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021-இல் தி.மு.க. அரசு, இனி ஜூலை 18 தான் தமிழ்நாடு நாள் என்றது. இரு தரப்பும் சொன்னதில் நியாயம் உண்டு. ஒன்று நிலம் அமைந்த நாள், மற்றொன்று பெயருக்குத் தீர்மானம் நிறைவேறிய நாள். எல்லைக்காகப் போராடிய குடும்பத்துக்கு நவம்பர் 1 பெரிது. பெயருக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஜூலை 18 பெரிது.

வரலாற்றில் நாட்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எதைக் கொண்டாடுவது என்பதை அந்தந்தக் காலத்து மக்களும் அரசுகளும்தான் முடிவு செய்கின்றன. ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவை பின்னுக்குப் போய்விடுகின்றன. ஆகஸ்ட் 11-ஐயும் அக்டோபர் 13-ஐயும் தமிழ்நாடு நாளாக எந்த அரசும் அறிவிக்கவில்லை. விழா எந்தத் தேதியில் நடந்தாலும், அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே முறை.