கதிரவனில் இரும்பு



பெரியபாளையத்தில் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், மாணவரை ஆரணியாற்று மணலுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். காந்தத்தை மணலில் புரட்டினால் கரும்பொடி ஒட்டும். அது இரும்புத் தாது. “ஐயா, சூரியனிலும் இரும்பு உண்டா?” என்று ஒருவன் வினவினான். “உண்டு” என்றேன். “பூமியில் இருப்பதுபோல் மிகுதியாகவா?” என்றான். “ஆம்” என்றேன். அவ்விடை பிழை. பேரறிஞர்களும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணினார்கள்.

கதிரவன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமத்திற்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் ஆராய்ந்தனர். அவ்வாண்டு புலப்பட்ட மஞ்சள் ஒளிக்கோடொன்று, அறியப்பட்ட எப்பொருளுக்கும் பொருந்தவில்லை. அதற்குரிய பொருளே ஹீலியம். பூமியில் அதனை ராம்சே பிரித்தெடுத்தது 1895இல்தான்.

எனினும் ஒரு மயக்கம் நீடித்தது. இரும்பின் கோடுகள் மிகப் பல. ஆதலின் கதிரவனும் பூமியையொத்த கலவையே எனக் கருதினர். கோட்டின் வலிமை பொருளின் அளவை மட்டுமன்றி வெப்பத்தையும் சார்ந்தது என்பதை, 1920இல் நம் நாட்டு மேகநாத சாகா கணக்கிட வழிகண்டார். அவ்வழியைக் கையாண்டு, விண்மீன்களில் ஹைட்ரஜனே பெரும்பங்கு என 1925இல் கண்டவர் செசிலியா பேய்ன் என்னும் இளம்பெண். முதுபெரும் அறிஞர் ரசல் அதை ஏற்கவில்லை. தாம் கண்டது உண்மையாயிராது என்று தம் நூலிலேயே எழுதும் நிலை அம்மையாருக்கு நேர்ந்தது. 1929இல் ரசலின் சொந்த ஆய்வே அம்மையாரின் முடிவை உறுதிப்படுத்தியது.

கதிரவனின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம். ஏனையவை அனைத்தும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்கும் இல்லை. ஆயினும், அச்சிறு பங்கில் இரும்பு, மக்னீசியம், சிலிக்கன் ஆகியவை எந்த விகிதத்தில் உள்ளனவோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் கரிமம் மிகுந்த சில விண்கற்களிலும் உள்ளன. ஒரே களத்து நெல்லை இரு மரக்காலில் அளந்தாற்போன்ற ஒற்றுமை இது! கதிரவனும் கோள்களும் விண்கற்களும் ஒரே வாயு, தூசி மேகத்திலிருந்து பிறந்தவை என்பதற்கு இஃது ஒரு சிறந்த சான்று. விண்கற்களின் மிகப் பழைய துகள்கள் அப்பிறப்பு சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது எனக் காட்டுகின்றன.

அவ்வாறாயின் பூமி ஏன் வேறுபட்டது? கதிரவனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே பாறையும் உலோகமுமே திடமாகித் திரண்டன. மெல்லிய வாயுக்கள் தங்கவில்லை. தொலைவிலுள்ள வியாழனோ அவற்றைப் பெருமளவில் ஈர்த்துக்கொண்டது. ஆகவே பூமியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரும்பு. கதிரவனிலோ ஆயிரத்தில் ஓரிரு பங்கே.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக என் பிழையைத் திருத்திச் சொன்னேன். ஆற்று மணலில் காந்தத்தைப் பற்றும் அந்த இரும்பு, கதிரவன் ஒளிரத் தொடங்குமுன்பே அம்மேகத்தில் இருந்த பொருள். அதைக் கையில் எடுக்கும்போது, பெரியவர் சொல்லையும் அளந்து பார்த்த அந்த இளம்பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.