பைத்தான் 3: பெருமாற்றமும் மூலக் கொள்கையும்

பைத்தான் என்பது நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் உருவாக்கிய கணினி நிரல் மொழி. அதன் முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் இம்மொழி இடம்பெற்றுள்ளது. 2008 டிசம்பர் 3 அன்று வெளிவந்த பைத்தான் 3 பதிப்பில், பழைய நிரல்கள் பல திருத்தாமல் இயங்கவில்லை. இம்மாற்றம் மொழியின் மூலக் கொள்கைக்கு ஏற்றதா என்னும் கேள்வி அதனால் எழுந்தது.

மூலக் கொள்கை

1999இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானின் வடிவமைப்புக் கொள்கைகளை 19 சிறு வாசகங்களாகத் தொகுத்தார். நிரல் படிப்பவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும், பிழை வெளியே தெரியாமல் நழுவக் கூடாது, தூய்மையைவிட நடைமுறைப் பயன் பெரிது என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இரண்டு ஊர்ப்பெயர்கள்

மாற்றத்தின் தேவையைப் பழனி மலைத்தொடரின் இரண்டு ஊர்ப்பெயர்களைக் கொண்டே விளக்கலாம். பைத்தான் 2இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய 'பழனி'யின் நீளம் கேட்டால் 12 என்றும், 'கொடைக்கானல்' என்பதற்கு 33 என்றும் விடை வரும். பைட்டுச் சரத்தையும் யூனிகோடு சரத்தையும் இணைத்தால், பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும்வரை நிரல் ஓடும். பைட்டுச் சரத்தில் தமிழ் வந்ததும் பிழை காட்டி நின்றுவிடும். குறை தொடக்கத்திலேயே இருந்தது. ஆங்கிலம் அதை மறைத்து வைத்திருந்தது.

பைத்தான் 3 உரையையும் பைட்டையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. இரண்டையும் இணைத்தால் எந்த மொழியானாலும் உடனே பிழை தெரியும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் முடிந்தது. முன்பு 3 என்று வந்த 7/2இன் விடை, இப்போது 3.5 என்று வந்தது. இவை யாவும் தெளிவு என்னும் கொள்கையின் வழிப்பட்டவையே.

நடைமுறையின் விலை

ஆனால் நடைமுறைப் பயன் என்னும் கொள்கை முதல் ஆண்டுகளில் பின்தங்கியது. நூலகங்கள் பல புதிய பதிப்புக்கு மாறாததால் பயனர்களும் பழையதிலேயே தங்கினர். 2012இல் வந்த பைத்தான் 3.3, முன்பு நீக்கிய யூனிகோடு சரக் குறியீட்டை மீண்டும் ஏற்றது. இரண்டு பதிப்புகளிலும் ஓடும் நிரலை எழுதுவது அதனால் எளிதாயிற்று. 2015இல் முடியவிருந்த பைத்தான் 2.7க்கான ஆதரவும் 2020 வரை நீட்டிக்கப்பட்டது.

மதிப்பீடு

பைத்தான் 3 தெளிவை முதலிலேயே காத்தது. நடைமுறைப் பயனை விட்டுக்கொடுத்துப் பின்னரே மீட்டது. தமிழைப் பொறுத்தவரை பணி இன்னும் மீதமிருக்கிறது. பைத்தான் 3இல் 'பழனி'யின் நீளம் 4, 'கொடைக்கானல்' என்பதன் நீளம் 11. மாணவர் எண்ணினால் எழுத்துகள் முறையே மூன்றும் ஆறும்தான். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனியே எண்ணுவதே காரணம். தமிழ் எழுத்துகளாகப் பிரித்து எண்ண 'ஓப்பன்-தமிழ்' போன்ற நூலகங்கள் உதவுகின்றன.