குளிசைக்குப் பின்னால் ஒரு வரலாறு

சீகிரியா என்றால் நமக்கு காசியப்பன், குன்று, ஓவியம்தான் ஞாபகம் வரும். அந்தக் குன்றைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் உழைத்து ஓய்வுபெறுபவர்களை யார் நினைக்கிறோம்? அரச ஊழியருக்குப் பென்சன் உண்டு. இவர்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதிதான். மொத்தமாகக் கைக்கு வரும், கரைந்தும் போகும். பிறகு மாதாமாதம் பிரஷர், சீனிக் குளிசைக்கு என்ன வழி?

அமெரிக்காவில் முதியவர்கள் 'மெடிகேர்' மருந்துக் காப்பீட்டில் தனியாகப் பெயர் பதிய வேண்டும். அது தொடங்கியதே 2006இல்தான். பழைய கம்பனி தரும் காப்பீடு அதற்கு ஈடாக இல்லாமல், பதியவும் பிந்தினால் தண்டப்பணம் வேறு.

இங்கே அந்தத் தலையிடி இல்லை. அரச ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி போதும். ஆனால் நாடு இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்றால் மலிவாக வாங்கத் தெரிய வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அறிக்கை கொடுத்தார்கள். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. முதல் தலைவர் பிபிலே. கம்பனி வைத்த பெயரைப் பார்க்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் உலகமெங்கும் விலை கேட்டு மொத்தமாக வாங்கினார்கள்.

2022இல் டொலர் இல்லாமல் போனபோது மருந்தும் இல்லாமல் போனது. "வெளியே வாங்குங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தால், சேமலாப நிதி முடிந்தவர் எங்கே போவார்? நம்முடைய முதியவர்களுக்குக் காப்பீடு என்பது கையிலுள்ள கொப்பி இல்லை. களஞ்சியத்தில் இருக்கும் மருந்துதான். பிபிலேயை சிலையாக மட்டும் நினைவுவைத்தால் போதாது.