எண்ணெய்க் காசு

என் தங்கை மகன் ஜெர்மனி தேசத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற வருஷம் அங்குள்ள டாக்டர் ஒருவர் அவன் வயிற்றை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தேகப் பயிற்சி செய், இல்லாவிட்டால் அடிக்கடி என்னைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றாராம். பையன் பயந்துபோய் ஒரு தேகாப்பியாச சாலையில் சந்தா கட்டிச் சேர்ந்தான். முதல் நாளே அவனுக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. தெருவில் நடந்த ஜோடோடு உள்ளே போகக் கூடாது. அதற்கென்று வேறு ஜோடு வேண்டும். எந்தப் பலகையில் உட்கார்ந்தாலும் சொந்தத் துண்டை விரித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரித் துண்டு அல்ல இது. நாம் எழுந்தால் துண்டும் கூடவே எழுந்துவிட வேண்டும்.

இதெல்லாம் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பயிற்சி முடிந்து, 'ஸௌனா' என்கிற சூட்டறைக்குள் நுழையப் போனபோதுதான் வினை வந்தது. கௌரவமாக அரை நிஜாரும் பனியனும் அணிந்து போனான். வாசலில் ஒரு பெரியவர் அவனை நிறுத்திச் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். அந்தப் பெரியவர் மேல் ஓர் இழை நூல் கிடையாது. அறிவிப்பு சொன்னதும் அதுவேதான். உடுப்போடு உள்ளே வருவது அசுத்தம். துண்டை அடியில் விரித்துக்கொண்டு பிறந்த மேனியாக உட்காருவதே மரியாதை! பையன் திரும்பி வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். அன்று ராத்திரி டெலிபோனில், "மூடிக்கிட்டுப் போனா வெட்கம்னு சொல்ற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கேன், மாமா! நான் என்ன பண்றது?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால், இதே கேள்வி இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் பலரைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. ஒரு நகரத்தில் அது ரத்த ஆறு ஓடியதில் போய் முடிந்தது. இன்னொரு நகரத்தில் சில்லறைக் காசில் தீர்ந்து போயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

'ஜிம்னாஸியம்' என்ற சொல் கிரேக்கச் சொல். அதன் வேர் 'நிர்வாணம்' என்று பொருள்படும் சொல். ஆடை களைந்து பழகும் இடம், அவ்வளவுதான். கிரேக்க வாலிபர்கள் அங்கே ஆடை முழுவதையும் களைந்து, உடம்பெல்லாம் ஒலிவ எண்ணெய் பூசிக்கொண்டு, அதன் மேல் புழுதியைத் தூவிக்கொண்டு மல்யுத்தம் செய்வார்கள். நம் கோதாக்களில் ஒரு லங்கோடாவது உண்டு. அங்கே அதுவும் கிடையாது. எண்ணெயைப் போக்குவதற்குச் சீயக்காயும் இல்லை. வளைந்த வெண்கலச் சுரண்டி ஒன்றினால் எண்ணெய், வேர்வை, புழுதி மூன்றையும் சேர்த்து வழித்து எடுப்பார்கள். அந்த அழுக்கை மருந்து என்று காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு!

கிரேக்கர்கள் என்னவோ ஆதிமுதல் இப்படித்தான் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒலிம்பியாவில்கூட முன்பெல்லாம் கோவணம் கட்டிக்கொண்டுதான் போட்டியிட்டார்கள் என்றும், அதை விட்டு அதிக காலம் ஆகவில்லை என்றும் தூஸிடைடீஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். ஆசியாக் கண்டத்தார் இன்னும் அரையில் கச்சை கட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். பிளேட்டோவும், சற்று முன்புவரை கிரேக்கர்களுக்கும் இது வெட்கமாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும், நேற்றுப் பழகிய பழக்கத்துக்குத்தான் மனிதன் இன்று அதிகமாகச் சண்டை போடுகிறான். கோவணம் கட்டியவன் காட்டுமிராண்டி, அவிழ்த்தவன் நாகரிகன் என்று ஆகிவிட்டது.

இதைப் பார்த்து வெளியூர்க்காரன் எப்படித் திகைத்திருப்பான் என்பதை லூஷியன் என்ற எழுத்தாளர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு சம்பாஷணையாக எழுதியிருக்கிறார். லூஷியனே கிரேக்கரல்ல, யூப்ரடீஸ் நதிக்கரையிலிருந்து வந்த சிரியாக்காரர். ஆகையால் அந்தத் திகைப்பு அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கதையில் அனகார்ஸிஸ் என்னும் ஸித்தியன், ஞானி ஸோலனுடன் ஆதென்ஸ் நகரத்து லைஸியத்துக்கு வருகிறான். நல்ல வெயில். வாலிபர்கள் ஒருவரையொருவர் பிடித்துச் சேற்றில் புரட்டுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் பைத்தியமா என்று கேட்கிறான் ஸித்தியன். தன்னை யாராவது இப்படித் தொட்டால் கத்தியை உருவிவிடுவேன் என்கிறான். ஸோலன் பொறுமையாக விளக்குகிறார். நடுவில் அந்த மனிதன் ஒரு விஷயம் சொல்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெயில் மண்டையைப் பிளக்கிறதாம்; ஆனால், இத்தனை பேர் நடுவில் தான் மட்டும் அந்நியனாகத் தெரிய வேண்டாமென்று கம்பளிக் குல்லாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தானாம். வாயால் எவ்வளவு கேலி செய்தாலும், தலை அந்த ஊரோடு ஒத்துப்போக ஆசைப்பட்டுவிட்டது!

அந்தச் சாலைகளுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. மாஸிடோனியாவில் பெரோயா என்ற ஊர்ச் சாலையின் சட்டம் கல்லில் பொறித்தது அகப்பட்டிருக்கிறது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அடையாளக் கொடி இறங்கியபின் அதிகாரியின் அனுமதி இல்லாமல் யாரும் ஆடை களையக் கூடாது. அடிமை, விடுதலை பெற்ற அடிமை, அவன் பிள்ளை, சந்தையில் தொழில் செய்கிறவன், குடித்திருப்பவன், சித்தம் கலங்கியவன், இவர்களுக்கெல்லாம் ஆடை களையும் உரிமையே கிடையாது. தெரிந்தும் அனுமதித்த அதிகாரிக்கு 1000 திராக்மா அபராதம். அதிகாரியை ஏசினால் 50. நல்ல தேகக்கட்டுக்கும், ஒழுங்குக்கும், உழைப்புக்கும் தனித்தனிப் பரிசுகள் உண்டு. ஆக, அவிழ்ப்பது வெட்கமல்ல, பெருமை. அதற்குத் தகுதி வேண்டும். வேஷ்டியைக் களைந்து வெறுமேனியாக நிற்கிறவன், 'நான் இந்த ஊர்ப் பிரஜை' என்று சாட்சி சொல்கிறான். அலெக்ஸாந்தருக்குப் பிறகு கிரேக்கர்கள் எங்கெங்கே குடியேறினார்களோ அங்கெல்லாம் இந்தச் சாலையையும் கட்டினார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானத்தில், ஆக்ஸஸ் நதிக்கரையில் ஐ-கானும் என்ற இடத்தில்கூடப் பெரிய சாலை ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

ரோமர்களுக்கு இது துளிக்கூடப் பிடிக்கவில்லை. பழைய ரோமாபுரியில் மாமனாரும் மருமகனும் ஒன்றாக ஸ்நானம் செய்வதைக்கூடத் தவிர்ப்பார்களாம். கேட்டோ என்னும் கண்டிப்புக்காரர் பெற்ற மகனோடும் ஒன்றாகக் குளிக்க மாட்டார். இந்தச் செய்தியைச் சொல்லும் புளூடார்க், ரோமர்கள் பிற்பாடு கிரேக்கர்களைப் பார்த்து அவிழ்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்றும், பெண்கள் எதிரிலும் அப்படிச் செய்யக் கிரேக்கர்களுக்கே திருப்பிக் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் குறும்பாக எழுதுகிறார்.

கி.மு. 205-இல் ஸிப்பியோ என்ற இளம் சேனாதிபதி கார்த்தேஜ்மேல் படையெடுக்க ஸிஸிலித் தீவில் ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். ஸிரக்யூஸ் நகரம் கிரேக்க நகரம். அங்கே அவன் கிரேக்க மேலாடையும் பாதரக்ஷையும் தரித்து, தேகாப்பியாச சாலையில் உலாவினானாம்; புஸ்தகம் படித்தானாம். ரோமாபுரி ஸெனட் சபையில் இது பெரிய குற்றமாகக் கிளம்பிவிட்டது. கவனியுங்கள், அவிழ்த்தான் என்று யாரும் சொல்லவில்லை; வேறு உடை உடுத்தினான் என்பதே புகார். கேட்டோவும் அந்தப் புகார்க் கட்சியில் இருந்தார். விசாரணைக் கமிஷன் கப்பலேறி வந்தது. ஸிப்பியோ வாதாடவில்லை. கப்பற்படையையும் காலாட்படையையும் அணிவகுத்துக் காட்டினான். கமிஷன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிற்று. 202-இல் அவன் ஹானிபாலை முறியடித்தான். ஆளும் ஜாதியைச் சேர்ந்தவனுக்கு இதெல்லாம் கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான்.

ஆளப்படுகிறவர்களின் கதை வேறு. கி.மு. 175-இல் நான்காம் அந்தியோகஸ் சிரியா ராஜ்யத்தின் சிம்மாசனம் ஏறினான். யூதர்களின் ஜெருசலேம் அவன் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே பிரதான ஆசாரியராக இருந்தவரின் தம்பி, தன் பெயரை ஜேஸன் என்று கிரேக்கமாக்கிக் கொண்டவர், ராஜாவிடம் போனார். பதவிக்காக 360 தாலந்து வெள்ளியும், வேறு வருமானத்தில் 80 தாலந்தும் தருவதாகச் சொன்னார். தம் நகரத்தில் தேகாப்பியாச சாலை கட்ட அனுமதித்தால் மேற்கொண்டு 150 தாலந்து! அண்ணனைத் தள்ளிவிட்டுத் தம்பி பதவிக்கு வந்தார். கோட்டைக்கு அடியிலேயே சாலையும் வந்தது.

இதை நமக்குச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் ஜேஸனின் விரோதிகள் எழுதியவை. அதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். உயர்குடி வாலிபர்களுக்கு ஜேஸன் கிரேக்கத் தொப்பியை மாட்டிவிட்டார் என்கின்றன. (அனகார்ஸிஸ் கழற்றி வைத்தான், இவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.) ஆசாரியர்கள் பலிபீடத்தை அம்போ என்று விட்டுவிட்டு, வட்டு எறியும் அழைப்புக் கேட்டதும் சாலைக்கு ஓடினார்களாம். தொப்பியும் ஓட்டமும் போகட்டும். உள்ளே போனால் ஆடை களைய வேண்டுமே! யூத ஆண்பிள்ளைக்குப் பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்கிறார்கள். ஆபிரகாமின் காலத்திலிருந்து கடவுளோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளம் அது. கிரேக்கர்களுக்கோ, எல்லா நிர்வாணமும் அழகு, இந்த ஒன்று மட்டும் ஆபாசம், சிரிப்புக்கிடம். அதனால் சில வாலிபர்கள் அந்த அடையாளத்தையே மறைத்துக்கொண்டார்கள் என்று அந்த நூல் சொல்கிறது. அதற்கென்று ரண சிகிச்சை ஒன்று இருந்தது. பின்னால் ஸெல்ஸஸ் என்னும் ரோமர் வைத்திய நூலில் அதை விவரித்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம். அந்த வாலிபர்களைத் துரோகிகள் என்று சொல்வது சுலபம். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜேஸனின் ஆட்களே எங்கே நின்றார்கள் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. டையர் நகரத்தில் ராஜாவின் முன்னிலையில் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அங்குள்ள ஹெர்க்குலிஸ் தேவனுக்குப் பலி கொடுக்கச் சொல்லி ஜேஸன் 300 வெள்ளித் திராக்மா கொடுத்தனுப்பினார். கொண்டு போனவர்கள் தொப்பி போட்ட புது நாகரிகக்காரர்கள்தான். ஆனால் அந்நிய தேவனுக்குப் பலி என்றதும் அவர்களுக்கே கை வரவில்லை. அந்தப் பணத்தைப் போர்க்கப்பல் கட்டும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி அப்படியே செய்துவிட்டார்கள். தொப்பி மாட்டும் வரை, வட்டு எறியும் வரை சரி. அதற்கு அப்பால் ஒரு கோடு!

அந்தக் கோட்டை ராஜா மதிக்கவில்லை. ஜேஸனைவிட 300 தாலந்து அதிகம் கொடுத்து மெனலேயஸ் என்பவன் பதவியைப் பறித்தான். கட்சிச் சண்டை மூண்டது. அந்தியோகஸ் ஆலயப் பொக்கிஷத்தில் கை வைத்தான். 167-இல் யூத வழிபாட்டையே தடை செய்தான். பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்த தாய்மார்களைக் கொன்றான். மக்கபேயர் கலகம் எழுந்தது. 164-இல் ஆலயத்தை மீட்டுச் சுத்தி செய்தார்கள். இன்றும் யூதர்கள் ஹனுக்கா என்று விளக்கேற்றுவது அதற்காகத்தான். ஒரு தேகாப்பியாச சாலையால் இத்தனையும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ராஜாவின் பண முடையும் பதவி ஏலமும் இல்லாவிட்டால் சாலை பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் நெருப்புப் பிடித்த வீட்டில் எந்த அறையில் புகை முதலில் தெரிந்தது என்று கேட்டால், இந்த அறையைத்தான் காட்ட வேண்டும்.

இதே யூதர்கள் அந்தியோகியா நகரத்திலும் ஏராளமாக வசித்தார்கள். அது அந்தச் சிரியா ராஜாக்களின் தலைநகரம். அங்கும் சாலை உண்டு. அங்கும் எண்ணெய் உண்டு. ஊரார் பூசிக்கொள்ளச் சாலை அதிகாரி எண்ணெய் வழங்குவார். பிற ஜாதியார் ஆட்டிய எண்ணெயை யூதர்கள் தொடமாட்டார்கள். அது அவர்கள் ஆசாரம். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்நிய எண்ணெய் வேண்டாம் என்கிற யூதர்களுக்கு அதற்குப் பதிலாகக் காசாகக் கொடுத்துவிடும்படி ஏற்பாடு செய்தார்கள். சொந்த எண்ணெயை அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்! முதலாம் ஸெல்யூகஸ் ராஜா கொடுத்த உரிமைகளுக்கு இதுவே அத்தாட்சி என்று யூத சரித்திராசிரியர் ஜோஸீபஸ் சொல்கிறார். சுத்தமான எண்ணெய்க்கு இருந்த கிராக்கியைப் பயன்படுத்தி, கிஸ்காலா ஊர் யோவான் என்பவன் கலிலேயாவில் வாங்கிச் சிரியாவில் எட்டு மடங்கு விலைக்கு விற்றான் என்பதும் அவர் எழுதியதே. ஆசாரம் உள்ள இடத்தில் கள்ளமார்க்கெட்டும் இல்லாமல் போகுமா?

கி.பி. 66-இல் ரோமர்களுக்கு எதிராக யூதர்கள் தொடங்கிய கலகம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்தியோகியா ஜனங்கள் இந்தக் காசை நிறுத்திவிட வேண்டுமென்று கூச்சல் போட்டார்கள். அப்போது சிரியாவின் கவர்னர் முஸியானுஸ். யூதர்களோடு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, "கூடாது, காசு கொடுத்தே ஆகவேண்டும்" என்று அவர் தீர்ப்பளித்தார். 70-இல் ஜெருசலேம் எரிந்தது. அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஜோஸீபஸ் தம் நூலை எழுதினபோதும் அந்த உரிமை நடப்பில் இருந்தது.

இவ்வளவையும் என் மருமகனுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "மாமா, விசாரிச்சேன், இங்கே செவ்வாய்க்கிழமை மட்டும் துணியோட வரலாமாம்."