துண்டும் கடனும்

பேராதனையில் பயில்வோருக்கு ஹந்தானை மலை கண்ணுக்கினிய காட்சி. அம்மலையில் 1925ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற தேயிலை ஆலை இன்று நூதனசாலையாக விளங்குகிறது. அங்கே பழைய இயந்திரங்களைக் காணலாம். ஆனால் கண்டிச் சீமைத் தோட்டங்களை இயக்கிய மற்றோர் இயந்திரம் இரும்பாலானதன்று, காகிதத்தாலானது. அதன் பெயர் ‘துண்டு’.

தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நொந்த மக்களைத் திரட்டி வரக் கங்காணி துரையிடம் முன்பணம் பெற்றான். வழிச்செலவும் சோறும் துணியும் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்பட்டன. தோட்டத்தில் கால் வைத்த அன்றே அவன் கடனாளி. பின்னர் அரிசியின் விலையும் சம்பளத்தில் கழிந்தது. வேறு தோட்டம் செல்வதாயின், ‘இத்தனை ரூபாய் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம்’ என்று துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். புதிய துரை அத்தொகையைக் கொடுப்பான். கங்காணி மேலும் கேட்டுப் பெறுவான். அதுவும் தொழிலாளர் தலையிலேயே ஏறும். முன்னறிவிப்பின்றி வெளியேறினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைக்கு வழிகாட்டிற்று.

தொழிலாளரின் அறியாமையே இதற்குக் காரணம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கணக்கேடு கங்காணியின் கையில். சட்டம் துரையின் பக்கம். எழுத்தறிந்தவனும் அங்கே என்ன செய்திருப்பான்? துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டின் சட்டம் வேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல்தான் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்தபோது, கங்காணியின் கணக்கையும் கேள்வி கேட்கும் துணிவு பிறந்தது.

இன்று துண்டு இல்லை, ‘நுண்கடன்’ இருக்கிறது. ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். கடன் சுமை தாளாத கிராமப் பெண்களுக்காக 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போடட்டும். 10,000 ரூபாய்க் கடனுக்கு 20 வீதம் என்று 2,000 ரூபாய் வட்டி சேர்த்து, 12,000 ரூபாயை ஓராண்டில் வாராந்தத் தவணைகளாக வாங்குகிறார்கள். வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், கடனாளி கையில் ஆண்டு முழுவதும் சராசரியாக இருப்பது ஏறத்தாழப் பாதி முதலே. ஆகவே உண்மையான வட்டி 20 வீதமன்று. ஏறத்தாழ அதன் இரு மடங்கு!

இக்கணக்கை லயத்துப் பெண் அறிய வேண்டும். ஆயின் அறிவு மட்டும் வயிற்றை நிரப்பாது. வாழப் போதிய கூலியும், தாமே நடத்தும் சிக்கனக் கூட்டுறவுச் சங்கமும், கணக்கேட்டைத் தம் கையில் வைத்திருக்கும் உரிமையும் அவளுக்கு வேண்டும். துண்டின் வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.