பீன்ஸ் ரின் ஊர் சுத்தின கதை

ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேணுமெண்டே குழப்பி வைத்திருந்த அமெரிக்கா, 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. மே 3ஆம் திகதியே டேவ் அல்மர் ஒறிகன் காட்டோரத்தில் ஒரு வாளியை ஒளித்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். ஜியோகாஷிங் பிறந்தது இப்படித்தான். வாளிக்குள் ஒரு பீன்ஸ் ரின்னும் கிடந்தது.

2001இல் குறியீடு பொறித்த 'ட்ரவல் பக்' தகடு வந்தது. ஒரு பொம்மையில கொழுவிவிட்டால், காண்பவர் எடுத்துப்போய் அடுத்த பெட்டியில் வைப்பார். எங்க போகவேணும் எண்டு சொந்தக்காரர் சொல்லலாம். 2008இல் றிச்சர்ட் கரியட் ஒன்றை விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார்!

எனக்கெண்டால் சின்ன இலக்குத்தான் விருப்பம். நிலாவுக்குப் போ எண்டால் ஆர் தூக்குவினம்? பாலம் கண்டால் படமெடு எண்டால், வழிப்போக்கரும் செய்வினம்.

அந்த ரின்னுக்கு இலக்கே இருக்கேல்லை. பிறகு கண்டெடுத்துக் குறியீடு குடுத்தாச்சு. இப்ப ஜியோகாஷிங் ஒன்றுகூடல்களுக்குப் போய்வருது.