வீட்டுக்குள் வந்த ஒலிவாங்கி

சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, வீட்டின் ஓர் அறையில் மேசைமேல் நிறுத்தி, கணினியோடு இணைத்துப் பாட்டையோ பேச்சையோ பதிவு செய்ய உதவும் ஒலிவாங்கி, அதாவது எல்லோரும் மைக் என்று அழைக்கும் கருவி, ஒலிப்பதிவுத் தொழிலின் வளர்ச்சியில் தானாக விளைந்த பொருள் அன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இசைப்பதிவுக்குத் தக்க மைக் என்பது வானொலி நிலையங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்தது. அதன் விலையைக் கீழே இறக்கிய முடிவுகளுள் பெரும்பாலானவை வீட்டிலிருந்து பாடுபவரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை அல்ல. தொலைபேசி ஆய்வுக்கூடமும் நார்வே நாட்டு வானொலியும் பீஜிங்கின் அரசுத் தொழிற்சாலையும் தத்தம் தேவைக்காகச் செய்தவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே மலிவு விலை மைக் உருவாயிற்று. இந்த வரலாற்றை அறிந்தவருக்கு, கடையில் ஏறத்தாழ ஒரே விலையில் அருகருகே நிற்கும் இரண்டு மைக்குகள் ஏன் முற்றிலும் வேறாக ஒலிக்கின்றன என்பது எளிதில் விளங்கும்.

முதல் மைக்குகள் தொலைபேசிக்காகச் செய்யப்பட்டவை. கரித்துகள்கள் ஒலியின் அழுத்தத்தால் நெருங்கும்போதும் விலகும்போதும் அவற்றின் மின்தடை மாறுகிறது என்னும் நெறியில் இயங்கிய கார்பன் மைக், 1870களின் இறுதியில் எமில் பெர்லினர், எடிசன், டேவிட் ஹியூஸ் ஆகியோரின் முயற்சிகளால் உருவானது. பேச்சு விளங்குவதற்கு அது போதுமானதாக இருந்தாலும், அதன் ஓயாத இரைச்சல் இசைக்கு ஒவ்வவில்லை. 1916இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. சி. வென்டி வடிவமைத்த கண்டென்சர் மைக் வேறொரு வழியில் சென்றது. மிக மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் பொருத்தப்பட்ட உலோகத் தகடு ஒன்றும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக அமைய, ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது இடைவெளி மாறி, அம்மாற்றம் மின்குறியாக வெளிப்படுகிறது. சவ்வின் எடை மிகக் குறைவென்பதால் பாடகர் மூச்சு வாங்கும் நுண்ணொலிகூடப் பதிவாகிவிடும்.

ஆயினும் அந்த மின்குறி மிகவும் மெலிந்தது. நீண்ட கம்பியில் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும் என்பதால், வால்வு எனப்படும் வெற்றிடக் குழலைக் கொண்ட பெருக்கி ஒன்றைச் சவ்வை ஒட்டியே, மைக்கின் உடலுக்குள் வைக்க வேண்டியிருந்தது. வால்வைச் சூடேற்ற ஒரு மின்னோட்டம், அதை இயக்க உயர் மின்னழுத்தம், சவ்வுக்கு நிலையான மின்னூட்டம் ஆகியவற்றை வழங்கத் தனிப் பெட்டி ஒன்றும், அதிலிருந்து மைக் வரை பல கம்பிகள் கொண்ட வடமும், மைக்கின் முடிவில் மின்மாற்றி ஒன்றும் இன்றியமையாதவை ஆயின. விலையின் பெரும்பகுதி சவ்வைச் சுற்றியிருந்த இந்தப் பரிவாரத்தில்தான் இருந்தது என்பதை மறவாதிருப்பது நல்லது. பின்னாளில் நிகழ்ந்த ஒவ்வொரு விலைக்குறைப்பும் இப்பரிவாரத்தில் ஒன்றைக் கழற்றி எறிந்ததன் பயனே.

பெர்லினில் 1928இல் கியோர்க் நியூமன் தொடங்கிய நிறுவனம் முதன்முதலாகக் கண்டென்சர் மைக்கைத் தொழில்முறையில் உற்பத்தி செய்து விற்றது. நியூமன் பாட்டில் என்று பெயர் பெற்ற அதன் முதல் மைக்கான சிஎம்வி 3, உள்ளிருந்த வால்வின் பொருட்டே அவ்வளவு பருமனாக இருந்தது. போரின்போது, 1943இல், பெர்லின் குண்டுவீச்சிலிருந்து தப்ப உற்பத்தி துரிங்கியாவின் கெஃபெல் என்னும் சிற்றூருக்கு மாறியது. போர் முடிந்தபின் அவ்வூர் கிழக்கு ஜெர்மனியில் சேர, மேற்கு பெர்லினில் நிறுவனம் மறுபடி எழ, ஒரே மரபு இரு கிளைகளாகப் பிரிந்தது. 1949இன் யூ 47, 1960இன் யூ 67, டிரான்சிஸ்டரை ஏற்ற 1967இன் யூ 87 ஆகியவை உலகெங்கும் பாடகர்களின் முன்னால் நின்றன. இவை யாவும் சுவரில் ஒலி உறிஞ்சும் பொருள் பதித்து, வெளிச் சந்தடி நுழையாதபடி கட்டப்பட்ட கூடங்களுக்கென உருவானவை. அவற்றின் கூர்மைக்கு அமைதியான அறை ஒரு முன்நிபந்தனை.

இதற்கு இணையாக வளர்ந்த டைனமிக் மைக்கின் மரபு இன்னும் எளிமையானது. சவ்வோடு ஒட்டிய சிறு கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசையும்போது தானே மின்சாரத்தை உண்டாக்கும். வெளியிலிருந்து எவ்வித மின்வழங்கலும் தேவையில்லை. வென்டியும் ஆல்பர்ட் துராஸும் 1931இல் இதைச் செய்து காட்டினர். 1939இல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாயர் ஒரே ஒரு கம்பிச்சுருள் தொகுதியைக் கொண்டே, முன்பக்க ஒலியை ஏற்றுப் பின்பக்க ஒலியை மறுக்கும் கார்டியாய்டு தன்மையை, அதாவது இதய வடிவ ஏற்புத்தன்மையை, வரவழைத்தார்; சவ்வின் பின்புறத்தையும் ஒலி சற்றுத் தாமதித்து வந்தடையுமாறு வழியமைத்ததே அவர் கையாண்ட உத்தி. அதற்கு முன் இரண்டு தனித்தனி மைக்குகளை ஓர் உடலுக்குள் இணைத்துப் பெற்ற பயன் இப்போது ஒன்றிலேயே கிடைத்தது. அதே நிறுவனத்தின் எர்னி சீலர் அத்தொகுதியைச் சுருக்கி 1959இல் யூனிடைன் III என்னும் வடிவைத் தர, அதிலிருந்து 1965இல் எஸ்எம் 57, 1966இல் எஸ்எம் 58 ஆகியவை பிறந்தன. பெயரின் முதலிரு எழுத்துகள் ஸ்டுடியோ மைக் என்பதைக் குறித்தாலும், ஒலிப்பதிவுக் கூடங்கள் எஸ்எம் 58ஐ முதலில் பெரிதாக வரவேற்கவில்லை; லாஸ் வேகாஸ் மேடைகளில் அதைப் பயன்படுத்தியோரே அதன் வாழ்வை நீட்டித்தனர். கீழே விழுந்தாலும் வியர்வையில் நனைந்தாலும் தளராத இவ்வகை மைக்தான் தமிழ்நாட்டிலும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அரசியல் மேடையிலும் மைக் செட்காரர்களின் கையிலிருந்தது.

கண்டென்சர் மைக்கின் பரிவாரம் கலையத் தொடங்கியது 1966இல், நார்வேயில். குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் அந்நாட்டில், வானொலி நிலையத்தின் கூடங்களில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்தது. டிரான்சிஸ்டர் மைக்குகளை வாங்க முன்வந்த நிலையம், தனிப் பெட்டிகள் வேண்டாம், இந்த 48 வோல்ட்டிலேயே அவை இயங்க வேண்டும் என்று கேட்டது. நியூமன் நிறுவனத்தார், ஒலிக்குறி செல்லும் இரண்டு கம்பிகளிலும் சம அளவில் அம்மின்னழுத்தத்தை ஏற்றி, கேஎம் 84 என்னும் மைக்கை இயக்கினர். இரு கம்பிகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாததால் ஒலிக்குறிக்குக் கேடில்லை; அதே வடத்தில் டைனமிக் மைக்கை இணைத்தாலும் ஊறில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அதே கம்பியில் வருவதால் பாண்டம் பவர் என்று பெயரிடப்பட்ட இம்முறை, பின்னர் ஜெர்மன் தரநிர்ணயத்திலும் உலகத் தரநிர்ணயத்திலும் இடம்பெற்றது. இன்று மலிவான ஆடியோ இன்டர்ஃபேஸின், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டியின், முகப்பிலும் 48 என்று குறித்த பொத்தான் இருப்பதற்கு நார்வேயின் அந்த விளக்குகளே காரணம்.

சவ்வுக்கு வேண்டிய மின்னூட்டத்தையும் வெளியிலிருந்து தரத் தேவையில்லை என்ற நிலையை நியூ ஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் 1962இல் ஏற்படுத்தினர். டெஃப்லான் தாளில் ஒருமுறை ஏற்றிய மின்னூட்டம் பல ஆண்டுகள் அப்படியே தங்கும் என்பதைக் கண்டு அவர்கள் அமைத்தது எலெக்ட்ரெட் மைக் எனப்படுகிறது. சில்லறைக் காசுகளில் செய்யக்கூடிய அது, கேசட் பதிவுக் கருவிக்குள்ளும் தொலைபேசிக்குள்ளும் காதுகேள் கருவிக்குள்ளும் புகுந்தது. அம்மலிவே அதற்கு அவப்பெயரையும் தேடித் தந்தது. தரமற்ற பொருள்களில் அதிகமாகக் கண்டதால், எலெக்ட்ரெட் என்றாலே இசைப்பதிவுக்கு ஆகாதது என்று தொழில்முறையாளர் பலர் நெடுங்காலம் கருதினர். அது நியாயமற்ற தீர்ப்பு. மின்னூட்டத்தைச் சவ்வில் ஏற்றாமல் பின்தகட்டில் ஏற்றும் முறை வந்தபின், சவ்வை வேண்டிய அளவு மெல்லியதாகச் செய்ய முடிந்தது. இன்று வீட்டுப் பதிவாளர் பலரின் முதல் மைக்காக அமையும் ஜப்பானிய ஆடியோ டெக்னிகாவின் ஏடி 2020 அவ்வகையைச் சேர்ந்ததே.

மைக் மலிந்தாலும் பதிவுக் கருவி மலியாவிடில் வீட்டில் ஒலிப்பதிவு நடவாது. ஜப்பானின் டீயாக் நிறுவனம் 1979இல் வெளியிட்ட போர்டாஸ்டூடியோ 144, சாதாரண கேசட்டை இருமடங்கு வேகத்தில் ஓட்டி, நான்கு தடங்களில் தனித்தனியே பதிந்து, பின் ஒன்றாகக் கலக்க வழி செய்தது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், வாடகை வீடு ஒன்றில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இக்கருவியையும் இரண்டு எஸ்எம் 57 மைக்குகளையும் வைத்துக்கொண்டு தம் புதுப் பாடல்களின் மாதிரிகளைப் பதிந்தார். குழுவினரோடு பெரிய கூடத்தில் அவற்றை மறுபடி இசைத்துப் பார்த்தபோது அந்த உயிர் கிடைக்காததால், கேசட்டில் இருந்ததையே நெப்ராஸ்கா என்னும் இசைத்தட்டாக அவ்வாண்டே வெளியிட்டனர். ஒலிப்பதிவு வரலாற்றில் இது பெரிய திருப்பம்: மேடைக்கும் கித்தார் பெருக்கிக்கும் உரியதாகக் கருதப்பட்ட மைக், படுக்கையறையில் ஒரு முதன்மைக் கலைஞரின் முழுப் படைப்பைத் தாங்கி நின்றது. அதே 1982இல் மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லர் இசைத்தட்டில் பாடற்குரலைப் பதிந்த புரூஸ் ஸ்வீடியன், விலையுயர்ந்த கண்டென்சர் மைக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஷூரின் எஸ்எம் 7 என்னும் டைனமிக் மைக்கையே தேர்ந்தார். சென்னையில் 1989இல் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடமும், 1992இன் ரோஜா இசையும், பெரிய படநிறுவனக் கூடங்களுக்கு வெளியேயும் முதல்தர ஒலிப்பதிவு இயலும் என்பதைத் தமிழருக்குக் காட்டின.

பெரிய சவ்வுடைய கண்டென்சர் மைக்கின் விலை உடைந்தது தொண்ணூறுகளில். அதன் வேர் பீஜிங்கில் இருக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மானிய வல்லுநர்களின் துணையோடு தாஷான்சி பகுதியில் 718 எனப்பட்ட கூட்டுத் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் அது பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டபோது, ஒலிக்கருவிகள் 797 என்னும் எண் கொண்ட பிரிவின் பொறுப்பாயின. பக்கத்திலிருந்த 798ஆம் பிரிவின் கட்டடங்கள் இன்று ஓவியக் கூடங்களாகப் புகழ் பெற்றிருக்க, 797 மைக் செய்வதைத் தொடர்ந்தது. சீனச் சந்தை திறந்தபின், இங்கும் பிற சீனத் தொழிற்சாலைகளிலும் செய்த மைக்குகள் மேற்கத்திய வணிகப் பெயர்களைத் தாங்கி விற்பனைக்கு வந்தன. சிட்னியில் ஃப்ரீட்மன் குடும்பம் நடத்திய நிறுவனம் ரோட் என்ற பெயரில் என்டி 1, என்டி 2 ஆகியவற்றை வெளியிட்டு, பெரிய சவ்வு மைக்கை எளிய இசைக்கலைஞரின் வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது.

இம்மலிவில் மறைந்திருந்த குறை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அது வாங்குவோரை இன்றும் தொடர்கிறது. நியூமனின் யூ 67இல் இருந்த கே 67 என்னும் சவ்வுத் தொகுதி, உச்ச அதிர்வெண்களை இயல்பைவிட உயர்த்திக் காட்டும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. உடலுக்குள் இருந்த மின்சுற்று அதே உச்சங்களை அதே அளவு தணித்தது. அவ்வாறு தணிக்கும்போது சுற்றின் சொந்த இரைச்சலும் கூடவே தணிந்தது. சவ்வும் சுற்றும் ஒன்றுக்கொன்று ஈடாகச் செய்த இவ்வேற்பாட்டில், மலிவு மைக் செய்தோர் பலர் சவ்வுத் தொகுதியை மட்டும் படியெடுத்து, தணிக்கும் பகுதி இல்லாத எளிய சுற்றோடு பொருத்திவிட்டனர். விளைவாக, கடையில் கேட்கும்போது தெளிவாகவும் பளிச்சென்றும் தோன்றும் அம்மைக்குகள், வீட்டில் பதிந்து கேட்டால் ச, ஸ, ஷ ஒலிகளைச் சீறவைக்கின்றன. நான்கைந்து தடங்களை அடுக்கும்போது அந்தச் சீறல் காதைக் குத்துகிறது. சவ்வின் அகலத்தையும் உடலின் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்குபவர் இதை அறிய வழியில்லை. உச்ச அதிர்வெண்களில் மைக் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பதும், ஒரே குரலைப் பல மைக்குகளில் பதிந்து ஒப்பிடுவதுமே துணைசெய்யும்.

மற்றொரு குறை மைக்கினுடையதன்று, அறையினுடையது. கண்டென்சர் மைக் வளர்ந்த அமைதியான கூடம் அதனோடு சேர்ந்து மலிவாகிவிடவில்லை. வெறும் சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியும் கொண்ட அறையில், தெருவில் ஆட்டோ போகும் ஒலியையும் சுவர் திருப்பியனுப்பும் எதிரொலியையும் கண்டென்சர் மைக் குரலோடு சேர்த்துத் தந்துவிடும். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏடி 2020 சுமார் 14 மில்லிவோல்ட் தருகையில் எஸ்எம் 57 சுமார் 1.6 மில்லிவோல்ட்டே தருகிறது. ஆனால் டைனமிக் மைக்கில் எதிரொலி குறைவாகக் கேட்பது இந்த எண்ணால் அன்று. குறைந்த உணர்திறன் கொண்ட டைனமிக் மைக்கின் முன் பாடகர் உதட்டை ஒட்டி நிற்பதால், குரல் அறையை மிஞ்சி ஓங்கி நிற்கிறது. அதற்கு ஈடாக, மெலிந்த மின்குறியை இரைச்சலின்றி உயர்த்தவல்ல நல்ல முன்பெருக்கி தேவைப்படுகிறது. எஸ்எம் 7இன் பிந்தைய வடிவமான எஸ்எம் 7பி போன்ற மைக்குக்கு 60 டெசிபல் அளவில் பெருக்கம் வேண்டியிருப்பதால், மைக்கில் மிச்சப்பட்ட பணம் சில வேளை அதற்கே போய்விடும். நடைமுறையில், போர்வையும் மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் உள்ள அறைக்குக் கண்டென்சரும், அவை இல்லாத அறைக்கு டைனமிக்கும் பொருந்தும் என்பதே சரியான தீர்ப்பு. இவ்வகையில் விலைப்பட்டியலைவிட அறையே மூத்த ஆலோசகர்.

பரிவாரத்தில் எஞ்சியிருந்தவற்றையும் அண்மைக் காலம் மைக்கின் உடலுக்குள் அடக்கிவிட்டது. 2023இல் ஷூர் தன் எஸ்எம் 7க்குள்ளேயே முன்பெருக்கியை வைத்து எஸ்எம் 7டிபி என வெளியிட, அதே ஆண்டில் ரோட் தன் என்டி 1இன் ஐந்தாம் தலைமுறையில் பழைய வடத்துக்கான இணைப்போடு கணினிக்கு நேரே செல்லும் யூஎஸ்பி இணைப்பையும் சேர்த்தது. அந்த யூஎஸ்பி வழியில் 32 பிட் மிதவைப் பதிவு கிடைப்பதால், குரல் திடீரென உயர்ந்து ஒலியளவு எல்லை மீறினாலும் பதிவைப் பின்னர் கணினியில் மீட்டுக்கொள்ளலாம். ஒலிப்பதிவாளர் ஒருவர் பக்கத்திலிருந்து அளவைக் கண்காணிக்க வேண்டிய தேவை இவ்வாறு வீட்டுப் பதிவிலிருந்து நீங்கிவருகிறது.